ஜிஎஸ்எம் கணக்கில் ஒரு விண்கலம்: வெயிலின் தள்ளலில் நிற்கும் சுற்றுப்பாதைகள்

திருப்பூரில் துணி எடுக்க வருபவர் நிறம் பார்ப்பதற்கு முன்பே ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேட்டுவிடுவார். ஜிஎஸ்எம் கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு ஒன்று வெட்டுப்பட்டு வரும். அதைச் சின்ன எலெக்ட்ரானிக் தராசில் வைத்து, காட்டும் கிராமை நூறால் பெருக்குவார்கள். 1.80 காட்டினால் 180 ஜிஎஸ்எம். ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். டி-சர்ட் துணி என்றால் பெரும்பாலும் 160, 180 என்று வரும். ஜெராக்ஸ் தாள் 75. சப்பாத்தி சுற்றும் 11 மைக்ரான் அலுமினிய ஃபாயில் 30.

சூரிய ஒளியின் தள்ளலை மட்டும் நம்பி ஓடும் விண்கலத்தை வடிவமைப்பவருக்கும் முதல் கேள்வி இதுதான். பாய் (வெயிலைப் பிடிக்க விரிக்கும் பளபளப்பான மெல்லிய படலம்), அதை விரித்துப் பிடிக்கும் கம்பங்கள், கருவிப்பெட்டி, ஆண்டெனா எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு, பாயின் பரப்பால் வகுத்தால் எத்தனை ஜிஎஸ்எம்? இந்த ஓர் எண் தெரிந்தால், அந்தக் கலம் எந்த விதமான சுற்றுப்பாதையில் நிற்கும், எதில் நிற்காது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். சூரியப் பாய் பற்றிப் பேசும்போது வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். எங்கள் பார்வையில் அதன் உண்மையான அருமை வேறு இடத்தில் இருக்கிறது: எரிபொருளால் ஒருக்காலும் நிலைத்து நிற்க முடியாத இடங்களில் அது ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதைத்தான் இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கப்போகிறோம்.

வெயிலுக்கு எவ்வளவு பலம்?

ஒளிக்கு நிறை கிடையாது. ஆனால் உந்தம் உண்டு. பட்ட இடத்தைத் தள்ளும். பூமி இருக்கும் தூரத்தில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் ஒளி விழுகிறது. இதை ஒளியின் வேகத்தால் வகுத்தால் 4.54 மைக்ரோநியூட்டன். ஒளியை விழுங்கிக்கொள்ளும் கறுப்புப் பரப்பின்மேல் விழும் தள்ளல் இவ்வளவுதான். கண்ணாடிபோல் திருப்பி அனுப்பும் பரப்பு என்றால் வந்தபோது ஒரு தள்ளு, போகும்போது எதிர்த்தள்ளு என்று இரட்டிப்பாகி 9.08 மைக்ரோநியூட்டன் ஆகும். அதனால்தான் பாயின் முகத்தில் அலுமினியம் பூசுகிறார்கள்.

இது எவ்வளவு சிறியது என்றால், ஒரு ஏக்கர் பாயை விரித்தாலும் அதன்மேல் படும் மொத்தத் தள்ளல் இங்கே நம் கையில் நாலு கிராம்கூட எடை இல்லாத ஒரு பொருளின் கனம்தான். ஏழெட்டு நிலக்கடலைப் பருப்பு. பூமியில் இதை வைத்து எதையும் நகர்த்த முடியாது, காற்று விடாது. விண்வெளியில் அதைத் தடுக்க ஒன்றுமில்லை. இரவு கிடையாது, எரிபொருள் தீர்வது கிடையாது. நொடிக்கு நொடி 0.3 மில்லிமீட்டர் வேகம் கூடினால்கூட ஒரு நாளில் 26 மீட்டர், ஓர் ஆண்டில் 9 கிலோமீட்டருக்கு மேல் நொடிவேகம் சேர்ந்துவிடும்.

இதைத் துணிக்கணக்கில் கொண்டுவர ஒரு சுலபமான வழி உண்டு. கலத்துக்கு வேண்டிய முடுக்கத்தை, அதாவது நொடிக்கு நொடி எத்தனை மில்லிமீட்டர் வேகம் கூடவேண்டும் என்பதை, எடுத்துக்கொள்ளுங்கள். 9.08-ஐ அந்த எண்ணால் வகுங்கள். வருவது நேரடியாக ஜிஎஸ்எம். முடுக்கம் 1 வேண்டுமென்றால் முழுக் கலமும் 9 ஜிஎஸ்எம்முக்குள் அடங்கவேண்டும். 0.1 போதுமென்றால் 90 வரை போகலாம். உண்மையான அலுமினியப் பூச்சு முழுவதையும் திருப்பி அனுப்பாது, பாயும் கொஞ்சம் தொய்ந்திருக்கும் என்பதால் பத்து சதவீதம் கழித்து 8.2 என்று வைத்துக்கொள்வது நல்லது.

திசையைப் பற்றியும் ஒரு விதி இருக்கிறது. தட்டையான, நன்றாகப் பிரதிபலிக்கும் பாய், தன் முகத்துக்குச் செங்குத்தான திசையில், முதுகுப்பக்கமாகத் தள்ளப்படும். பாயைச் சாய்த்தால் தள்ளலும் சாயும். ஆனால் சாய்க்கச் சாய்க்க இரண்டு நட்டம்: வெயிலைப் பிடிக்கும் பரப்பு குறைகிறது, பிடித்த வெயிலும் நேராக மோதாமல் சறுக்குகிறது. அதனால் விசை கோணத்தின் கொசைனுக்கு அல்ல, கொசைனின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 20 டிகிரி சாய்த்தால் 88 சதவீதம் மிஞ்சும். பக்கவாட்டுத் தள்ளல் அதிகபட்சமாகக் கிடைப்பது சுமார் 35 டிகிரியில். அப்போதும் முழு விசையில் 38 சதவீதம்தான் பக்கவாட்டில் வரும். பாயை எப்படித் திருப்பினாலும் சூரியனை நோக்கி இழுக்க மட்டும் அதனால் முடியாது. உடுமலை, பல்லடம் பக்கம் நிற்கும் காற்றாலை காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். காற்று திசை மாறினால் அதுவும் மாறும். பாய்க்கு அந்தச் சலுகை இல்லை. காற்று ஒரே பக்கமிருந்துதான், என்றைக்கும்.

சூரியனின் இழுப்பைக் குறைத்துக் காட்டுவது

சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் வேகமாகச் சுற்றும்; தள்ளி இருப்பது மெதுவாகச் சுற்றும். பூமியைவிட 30 லட்சம் கிலோமீட்டர் உள்ளே ஒரு கலத்தைச் சும்மா விட்டால் 354 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும். பூமிக்கு 365 நாள் ஆகிறது. ஆக, கலம் பூமியை விட்டு முன்னால் ஓடிவிடும்.

15 லட்சம் கிலோமீட்டர் உள்ளே மட்டும் ஒரு விசேஷம். அங்கே பூமி பின்னாலிருந்து இழுப்பதால் சூரியனின் இழுப்பு கொஞ்சம் கழிந்து, கலமும் சரியாக 365 நாளில் சுற்றுகிறது. இதுதான் எல்-1 புள்ளி. 2023 செப்டம்பர் 2 அன்று கிளம்பிய நம் ஆதித்யா எல்-1, 2024 ஜனவரி 6 முதல் இந்தப் புள்ளியைச் சுற்றி 178 நாளுக்கு ஒரு வளையம் என்று வலம்வருகிறது.

இப்போது பாயைக் கொண்டுவருவோம். சூரியனை நேராகப் பார்த்து விரித்த பாயின்மேல் தள்ளல் சூரியனுக்கு எதிர்த்திசையில். அதாவது அதுவும் பூமியைப் போலவே சூரியனின் இழுப்பைக் கழிக்கிறது. கழிக்க இரண்டு பேர் இருப்பதால், இன்னும் உள்ளே தள்ளி நின்றாலும் 365 நாளுக்கு ஒரு சுற்று என்ற தாளம் தப்பாது. எல்-1 என்ற இடம் நகர்த்தக்கூடியதாக ஆகிவிடுகிறது.

எதற்கு உள்ளே போகவேண்டும்? சூரியப் புயலின் மின்துகள்கள் நொடிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், எல்-1-இல் நிற்கும் கலத்தைத் தாண்டி அரை மணி நேரத்தில் பூமிக்கு வந்துவிடும். 30 லட்சத்தில் ஒரு கலம் நின்றால் ஒரு மணி நேரம் கிடைக்கும். மின்தொகுப்பை நடத்துபவர்களுக்கும் செயற்கைக்கோளைப் பாதுகாப்பவர்களுக்கும் அந்தக் கூடுதல் அரை மணி மிகப் பெரிது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 லட்சம் கிலோமீட்டரில் நிற்க, பூமியின் தூரத்தில் அளந்தால் 0.306 முடுக்கம் தரும் பாய் வேண்டும். 9.08-ஐ 0.306-ஆல் வகுத்தால் சுமார் 30. அடுப்படி ஃபாயிலின் ஜிஎஸ்எம்! கம்பம், கணினி, மின்கலம், ஆண்டெனா எல்லாம் சேர்ந்தும் சராசரி அந்த ஃபாயிலைவிடக் கனக்கக்கூடாது. மொத்தம் 100 கிலோ கலம் என்றால் பாயின் பரப்பு 3,370 சதுர மீட்டர். பத்து சதவீத நட்டத்தையும் சேர்த்தால் 3,740. சென்ட் கணக்கில் சொன்னால் 92 சென்ட். பக்கத்துக்கு 61 மீட்டர். தோட்டத்தில் ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைந்த ஒரு வயலைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து அனுப்புவதற்குச் சமம்.

அந்த 100 கிலோ எங்கே போகிறது? 2.5 மைக்ரான் பாலிமைடு (ஒருவகை பிளாஸ்டிக்) படலம் சதுர மீட்டருக்கு 3.6 கிராம். அதன்மேல் 100 நானோமீட்டர் அலுமினியப் பூச்சு வெறும் 0.27 கிராம். ஆக, பாய் 15 கிலோவுக்குள் அடங்கிவிடும். மூலைக்கு ஒன்றாக நாலு கம்பங்கள், ஒவ்வொன்றும் 43 மீட்டர். மீட்டருக்கு 100 கிராம் என்று வைத்தால் 17 கிலோ. மிச்சம் 68 கிலோவுக்குள் விரிக்கும் பொறி, கருவிகள், மின்சாரம், தகவல்தொடர்பு எல்லாம் வரவேண்டும். புதிதாகப் படிப்பவர்கள் படலத்தை இன்னும் மெலிதாக்கினால் போதும் என்றுதான் முதலில் நினைப்பார்கள். படலம் ஏற்கெனவே மொத்தத்தில் ஏழில் ஒரு பங்குதான். எடையைக் கூட்டுவது கம்பமும் பெட்டியும். ஜிஎஸ்எம்மை வெல்வதும் தோற்பதும் அங்கேதான்.

இதே இடத்தில் ராக்கெட் எஞ்சினால் நிற்க முடியாதா? ஓர் ஆண்டுக்கு நொடிக்குச் சுமார் 10 கிலோமீட்டர் வேகமாற்றம் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். நொடிக்குச் சுமார் 3 கிலோமீட்டர் வேகத்தில் வாயுவைப் பீய்ச்சும் சாதாரண வேதி எஞ்சின் என்றால், 100 கிலோ கலத்தை ஓர் ஆண்டு நிறுத்த ஏறத்தாழ 2,700 கிலோ எரிபொருள் வேண்டும். இரண்டாம் ஆண்டைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மின்சாரத்தால் துகள்களை இன்னும் பல மடங்கு வேகமாகப் பீய்ச்சும் அயனி எஞ்சினாக இருந்தாலும் ஆண்டுக்குக் கலத்தின் எடையில் 29 சதவீதம் எரிபொருளாகப் போகும். பாய்க்கு இந்தச் செலவு சுழியம்.

கவண் கல்லும் தூக்கிய வட்டமும்

சாதாரணமாக எந்தச் சுற்றுப்பாதையின் தளமும், தான் சுற்றும் பொருளின் மையத்தின் வழியாகத்தான் போகும். சூரியனுக்கு மேலே, அதன் தலைக்கு மேல் வளையம் போட்டதுபோல் ஒரு வட்டம் போடமுடியாது. சூரியன் சாய்வாகக் கீழே இழுத்து அந்த வட்டத்தைக் குலைத்துவிடும். பாய் இருந்தால் போடலாம்.

சோளக்காட்டில் குருவி ஓட்டக் கவண் சுற்றுவதை நினைத்துப் பாருங்கள். கை மேலே இருக்கிறது. கல் கையின் மட்டத்தில் சுற்றாமல், கொஞ்சம் கீழே இறங்கிய ஒரு தளத்தில் வட்டம் போடுகிறது. கயிறு கல்லைச் சாய்வாக மேல்நோக்கிக் கையின் பக்கம் இழுக்கிறது. அந்த இழுப்பின் மேல்நோக்கிய பங்கைக் கல்லின் கனம் ஈடுகட்டிவிடுகிறது. கிடைமட்டப் பங்கு மட்டும் மிஞ்சி, கல்லை வளைத்துச் சுற்றவைக்கிறது. இங்கே கையைச் சூரியன் என்றும், கயிற்றைச் சூரியனின் ஈர்ப்பு என்றும் வைத்துக்கொண்டால், கல்லின் கனம் செய்யும் வேலையை வெயிலின் தள்ளல் செய்யவேண்டும். படத்தைத் தலைகீழாகப் புரட்டினால் சூரியனுக்கு மேலே ஒரு வட்டம் கிடைத்துவிடும். இதைத் தூக்கிய சுற்றுப்பாதை என்று சொல்லலாம்.

கவணில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கயிறு கையை நோக்கி இழுக்கிறது, கனம் கையை விட்டு விலகும் பக்கமாக இழுக்கிறது. பாய்க்கும் அதே வசதி, அதே வரம்பு. விலகும் பக்கம்தான் தள்ளமுடியும், அதையும் சாய்த்துத் தள்ளும்போது கொசைன் வர்க்க நட்டம் உண்டு. அதனால் விலை ஏறுகிறது. பூமியின் தளத்திலிருந்து வெறும் 10 டிகிரி தூக்கிய ஒரு வட்டத்தைச் சூரியனைச் சுற்றிப் போட, சூரிய ஈர்ப்பில் 36 சதவீத பலமுள்ள பாய் வேண்டும். ஜிஎஸ்எம்? 4.2. மேலே சொன்ன 2.5 மைக்ரான் படலமும் பூச்சும் மட்டுமே 3.9. கம்பத்துக்கும் பெட்டிக்கும் மிஞ்சுவது சதுர மீட்டருக்கு 0.3 கிராம். இன்றைய பொருள்களை வைத்து இது ஆகாது.

இந்த வரிசையின் உச்சம், சுற்றாமலேயே நிற்பது. வெயிலின் தள்ளலும் சூரியனின் இழுப்பும் சரிசமமானால் கலம் விண்வெளியில் அப்படியே நிற்கும். தூரம் கூடக்கூட வெயிலும் ஈர்ப்பும் ஒரே விகிதத்தில், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவதால், ஓரிடத்தில் சமமானால் எல்லா இடத்திலும் சமம். இதற்கு வேண்டியது 1.53 ஜிஎஸ்எம். சுமார் ஒரு மைக்ரான் பாலிமைடு படலம், தனியாக, பெட்டியே இல்லாமல் இருந்தால் அந்த எடை வரும். ராபர்ட் ஃபார்வர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இப்படி நிற்கும் கலத்துக்கு ஸ்டாட்டைட் என்று பேர் வைத்து 1993-இல் காப்புரிமை பெற்றார். தூக்கிய பாதைகளின் கணிதத்தை விரிவாக எழுதி வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் காலின் மெக்கின்னஸ்.

சூரியனோடு திரும்பும் நீள்வட்டம்

இதைவிடச் சுலபமான, நம் காலத்திலேயே ஆகக்கூடிய ஒன்று இருக்கிறது. பூமியின் காந்தப்புலத்துக்குச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீண்ட வால் உண்டு. அதற்குள் கருவி வைத்து ஆராய, நீள்வட்டப் பாதையின் நீளமுனை வாலுக்குள் இருக்கும்படி கலத்தை அனுப்புகிறார்கள். சிக்கல் என்னவென்றால், நீள்வட்டத்தின் திசை விண்வெளியில் மாறாமல் நிற்கும். வாலோ பூமி சூரியனைச் சுற்றச்சுற்ற நாளுக்கு ஒரு டிகிரி வீதம் திரும்பும். மூன்று மாதத்தில் 90 டிகிரி விலகிவிடும். கலம் வாலை விட்டு வெளியே கிடக்கும்.

பூமியின் மையத்திலிருந்து குறைந்த தூரம் 11 பூமி ஆரம், கூடிய தூரம் 23 பூமி ஆரம் என்று ஒரு நீள்வட்டம் வைத்து, பாயைச் சும்மா சூரியனைப் பார்த்தபடி விரித்துவைத்தால், வெயிலின் சீரான தள்ளலே நீள்வட்டத்தை நாளுக்கு ஒரு டிகிரி திருப்பிக்கொண்டுவரும். வேண்டிய முடுக்கம் 0.1 அளவுதான். ஜிஎஸ்எம் 90 வரை போகலாம்; நட்டம் கழித்தால் 82. ஜெராக்ஸ் தாளைவிடக் கனம்! 100 கிலோ கலத்துக்கு 30 சென்ட் பாய். முகத்தைத் திருப்பும் வேலையும் அதிகமில்லை. ஜியோசெயில் என்ற பெயரில் ஐரோப்பிய விண்வெளி முகமை ஆராய்ந்த யோசனை இது. புதியவர்கள் சூரியப் பாயின் பயனைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை என்பது எங்கள் எண்ணம்.

இதுவரை பறந்தவை

ஜப்பானின் இக்காரஸ் 2010 மே மாதம் கிளம்பியது. 14 மீட்டருக்கு 14 மீட்டர், 7.5 மைக்ரான் பாலிமைடு. கம்பமே கிடையாது. மூலைக்கு அரைக் கிலோ எடையைக் கட்டி, கலத்தைச் சுழலவிட்டு, ராட்டினத்தில் தொட்டிகள் வெளியே எழும்புவதுபோல் பாயை விரித்தார்கள். அளந்த தள்ளல் 1.12 மில்லிநியூட்டன். கலம் 310 கிலோ என்பதால் ஜிஎஸ்எம் 1,580. பாதையைக் கொஞ்சம் வளைக்கலாம், வழக்கமில்லாத இடத்தில் நிற்க முடியாது. 2019-இல் பறந்த லைட்செயில் 2, வெறும் 5 கிலோ, 32 சதுர மீட்டர், 4.5 மைக்ரான் மைலார். ஜிஎஸ்எம் 156, திருப்பூர் டி-சர்ட்டுக்குச் சமம். அது சுமார் 720 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது. அங்கே மெல்லிய காற்று இன்னும் மிச்சமிருப்பதால் கடைசியில் காற்றின் இழுவையே வென்று, 2022 நவம்பரில் வளிமண்டலத்தில் எரிந்தது. நாசாவின் 80 சதுர மீட்டர் ஏசிஎஸ்-3 சுமார் 1,000 கிலோமீட்டர் உயரத்துக்கு 2024 ஏப்ரலில் போனது; ஆகஸ்டில் பாயை விரித்தது, ஒரு கம்பம் சற்று வளைந்திருந்தது தெரியவந்தது. பெரிய பாய்கள், அதாவது 1,200 சதுர மீட்டர் சன்ஜாமரும் 1,653 சதுர மீட்டர் சோலார் குரூசரும், எல்-1-க்கு உள்ளே நிற்கத் திட்டமிட்டவை, பறக்கவில்லை.

எங்கே கெட்டுப்போகும்

மடிப்பில் காற்று சிக்குவது முதல் ஆபத்து. தரையில் மடிக்கும்போது படலங்களுக்கு இடையே அடைபட்ட காற்று, ராக்கெட் மேலே ஏறி வெளியழுத்தம் குறையும்போது பலூனாக உப்பிப் பாயைக் கிழிக்கும். அதனால் காற்று வெளியேற வழிவிட்டு மடிக்கவேண்டும். ஏவுவதற்கு முன் வெற்றிடக் கூண்டில் வைத்துச் சோதிக்கவேண்டும். கிழிசல் வந்தாலும் ஓடாமல் நிற்கக் குறுக்கும் நெடுக்கும் பட்டைகள் ஒட்டுகிறார்கள்.

விரித்த பிறகு தொல்லை கொடுப்பது முறுக்கு. பாயின்மேல் மொத்தத் தள்ளல் ஒரு புள்ளியில் குவிந்ததுபோல் நடந்துகொள்ளும். அது அழுத்த மையம். கலத்தின் எடை மையம் அதற்கு நேர் எதிரே இல்லாவிட்டால் கலம் திரும்பத் தொடங்கும். 61 மீட்டர் பாயில் ஒரு சென்டிமீட்டர் விலகல் என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் 30 மில்லிநியூட்டன் விசை ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், ஒரே நாளில் 26 நியூட்டன்-மீட்டர்-நொடி அளவு சுழல் உந்தம் சேர்ந்துவிடும். கலத்தின் திசையைக் காக்கும் சிறு சுழல்சக்கரம் சில அலகுகள்தான் தாங்கும். சில மணி நேரத்திலேயே சக்கரம் தன் உச்ச வேகத்தை எட்டி, அதற்குமேல் தாங்கமாட்டாமல் போய்விடும். அதனால் பெட்டியையே மில்லிமீட்டர் கணக்கில் இடம்வலம் நகர்த்தும் தட்டு ஒன்றை வைக்கிறார்கள். அல்லது மூலைகளில் திரும்பும் சிறு இறக்கைகள். இக்காரஸில் ஓரங்களில் திரவப் படிகத் தகடுகள், மின்சாரம் கொடுத்தால் பிரதிபலிப்பு மாறும்.

இந்த முறுக்கு நம் நாட்டுக்கும் பழைய பாடம். இன்சாட் செயற்கைக்கோள்களில் வானிலைக் கேமராவின் குளிரூட்டி வெற்றுவானத்தைப் பார்க்கவேண்டும் என்பதால், சூரிய மின்தகடு ஒரு பக்கம் மட்டும்தான். அதன்மேல் விழும் வெயில் கலத்தைத் திருப்பாமல் இருக்க, மறுபக்கம் நீண்ட கம்பத்தின் நுனியில் சின்னப் பாய் ஒன்றை எடைக்கல்போல் வைத்தார்கள். 1982 ஏப்ரலில் ஏவிய இன்சாட்-1ஏவில் அந்தப் பாய் விரியவில்லை. எரிபொருள் வேகமாகச் செலவழிந்து, செப்டம்பரிலேயே அந்தச் செயற்கைக்கோளைக் கைவிட நேர்ந்தது. பத்து ஆண்டு கழித்து இன்சாட்-2ஏவில் அதே ஏற்பாடு சரியாக வேலை செய்தது.

சுருக்கம் இன்னொரு எதிரி. காம்பாக்டிங்கில் (பின்னல் துணியை அழுத்திச் சீராக்கும் வேலை) சரியாக இழுபடாத துணி ஓரம் முறுக்கிக்கொள்வதுபோல், நாலு பக்கமும் ஒரே இழுவிசை இல்லாத பாய் காற்றாடியின் இதழ்போல் லேசாகத் திருகி நிற்கும். வெயில் அந்தத் திருகலில் பட்டு, கலத்தைத் தன் அச்சிலேயே சுழற்றும். கம்பத்தின் ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருந்தால் வெப்பத்தால் வளைந்து, அதுவும் இந்தத் திருகலைக் கூட்டும்.

நிற்பது என்றால் திருத்திக்கொண்டே இருப்பது

எல்-1-ம் அதன் நகர்த்திய வடிவங்களும் மலைமுகட்டில் வைத்த கூழாங்கல் போன்றவை. சமநிலை உண்டு, ஆனால் தானாகத் திரும்பிவராது. எல்-1-இல் சிறு பிழை ஏறத்தாழ 23 நாளில் 2.7 மடங்காகும். 30 லட்சம் கிலோமீட்டரில் பூமியின் பிடி தளர்வதால் இது சுமார் இரண்டு மாதமாக நீள்கிறது. பாய் வைத்தவருக்கு இது ஒரு நிம்மதி.

கலம் சூரியனின் பக்கம் வழுகினால் தள்ளலைக் கூட்டவேண்டும். பூமியின் பக்கம் வழுகினால் குறைக்கவேண்டும். பாயை முழு முகத்தோடு சூரியனைப் பார்த்து வைத்துவிட்டால் கூட்ட ஒன்றும் மிஞ்சாது. அதனால் நிற்குமிடத்தை முழு விசைக்குக் கொஞ்சம் கீழே தேர்ந்தெடுக்கிறார்கள். பூச்சு வயதாகிப் பிரதிபலிப்பு குறையும்போதும் இந்தச் சேமிப்புத்தான் கைகொடுக்கும்.

சாய்வின் பிழை இன்னும் கூர்மையானது. பூமியின் பாதைத் தளத்தில் பாயை ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால், சமநிலைப் புள்ளியே ஏறத்தாழ 3.5 லட்சம் கிலோமீட்டர் நகர்ந்துவிடும். நிலவுத் தூரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அளந்து செய்தால் அதுவே ஒரு வசதியும்கூட. சூரியனுக்கும் பூமிக்கும் நேர்கோட்டில் கலம் நின்றால், தரையிலுள்ள ஆண்டெனா சூரிய வட்டத்தையே பார்க்கவேண்டிவரும். சூரியனின் ரேடியோ இரைச்சலில் கலத்தின் குரல் கேட்காது. அந்த ஒரு டிகிரிச் சாய்வு, பூமியிலிருந்து பார்க்கும்போது கலத்தைச் சூரியனிலிருந்து ஆறு டிகிரிக்கு மேல் விலக்கி நிறுத்திவிடும். இரைச்சல் ஓய்ந்து செய்தி தெளிவாக வரும்.

தரைநிலையம் வாரத்துக்கு ஓரிரு முறை தூரத்தையும் வேகத்தையும் அளந்து, அடுத்த சில நாளுக்கான சாய்வுக் கோணங்களின் பட்டியலை மேலே அனுப்பும். அந்தப் பட்டியல் வராமல் நின்றால் கலம் உடனே விழுந்துவிடாது. முதல் மாதம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு பிழை வளர்ந்து, முகட்டிலிருந்து ஒரு பக்கம் இறங்கி, பூமியின் 365 நாள் தாளத்தை விட்டுவிட்டுச் சூரியனைத் தன்போக்கில் சுற்ற ஆரம்பிக்கும், பாய் விரிந்தபடியே.